பூமிக்குள் வைத்த அண்டா

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. டாக்டர் அப்பாவை நீந்தச் சொன்னார்.
2. நீந்த இடம் கிடைக்காததால், அடையாற்று வீட்டுத் தோட்டத்தில் ஒரு தொட்டி கட்டுவது என்று முடிவாயிற்று.
3. அதற்கு நான் இன்ஜினீயர் ஆனேன். வேறு யாரும் என்னை எதற்கும் இன்ஜினீயராக வைத்துக்கொள்ளவில்லை.
4. நூற்று இருபது மூட்டை சிமெண்ட் கேட்டோம். எண்பது கிடைத்தது.
5. தொட்டித் தளத்தின் கனத்தை ஒன்பது அங்குலத்திலிருந்து ஆறாகக் குறைத்தேன்.
6. அத்தைக்குப் புரியும்படி ஒரு விளக்கம் சொன்னேன்.
7. தொட்டியை நிரப்பினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.
8. சூரிய கிரகணம் பிடித்தது.
9. தொட்டி பூமியை விட்டு எழுந்தது.

எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆறாவதை இன்னொரு தரம் படிக்கவும். கிரகணத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது பஞ்சாங்கத்தில் போட்டிருந்த நேரத்துக்கு வந்து, போட்டிருந்த நேரத்துக்குப் போயிற்று.

அப்பா வக்கீல். முப்பது வருஷம் கோர்ட்டில் நின்று பேசியதன் பலன், ஒரு நாள் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. டாக்டர் வந்து இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, தைலமெல்லாம் போதும், தினம் அரை மணி நீந்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது என்பதை அவர் கேட்கவும் இல்லை, அப்பா சொல்லவும் இல்லை.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கடலிடம் நம்பிக்கை இல்லை. ஆற்றில் காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. நீச்சல் குளம் வைத்திருந்த கிளப்பில் நம்மவர்களைச் சேர்ப்பதில்லை. சுதந்திரம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன, அந்தச் செய்தி கிளப்பின் வாசலை இன்னும் எட்டவில்லை. மயிலாப்பூருக்குப் போய்த் தெப்பக்குளத்தில் இறங்கலாமே என்று நான் சொன்னேன்.

“ஈர வேட்டியோட கரையேறறச்சே எதிர்ல நம்ம கேஸ் கட்சிக்காரன் நின்னான்னா, அப்புறம் அவன் என் பேச்சைக் கேப்பானாடி?” என்றார் அப்பா.

ஆகவே தொட்டி.

என் பக்கத்து நியாயம் வேறு. நான் இன்ஜினீயரிங் காலேஜில் பரீட்சையெல்லாம் எழுதி முடித்திருந்தேன். பட்டம் கைக்கு வர இன்னும் ஒன்று பாக்கி: ஒரு கட்டட வேலையில் ஆரம்பம் முதல் முடிவு வரை இருந்து பயிற்சி பெற்றேன் என்று ஓர் இன்ஜினீயர் கையெழுத்திட்ட சான்றிதழ். வகுப்பிலிருந்த பையன்கள் ஆளுக்கொரு பாலம், ஆளுக்கொரு கால்வாய் என்று போய்விட்டார்கள். நான் நான்கு கான்டிராக்டர்களைப் போய்ப் பார்த்தேன். முதலாமவர், வேலை நடக்கும் இடத்தில் நிழல் இல்லை என்றார். இரண்டாமவர், நான் அங்கே நின்றால் ஆட்களின் கண் செங்கல் மேல் இருக்காது என்றார். மூன்றாமவர் அப்பாவின் சம்மதம் உண்டா என்று கேட்டார். அப்பாவையே கூட்டிக்கொண்டு போனதும், அம்மாவின் சம்மதம் உண்டா என்று கேட்டார். நான்காமவர் நல்ல காப்பி கொடுத்தார்.

கடைசியில் அப்பாவின் நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டார். அணைக்கட்டு வேலைகளில் காலம் கழித்துவிட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு தி. நகரில் வீடு கட்டிக்கொண்டு இருந்தவர். எங்கள் தோட்டத்துத் தொட்டியையே பயிற்சியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மூன்று நிபந்தனை போட்டார். கணக்கும் வரைபடமும் முழுக்க நான் போட வேண்டும். வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் நான் நின்று நோட்டில் எழுத வேண்டும். நிரப்பிய பிறகு ஏழு நாள் தொட்டி ஒழுகாமல் இருக்க வேண்டும்.

“ஓட்டைத் தொட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. ரிடையர் ஆனவன்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தக் கையெழுத்து ஒண்ணுதான்” என்றார்.

ஐப்பசி மாதம் முடிவதற்குள் சான்றிதழ் காலேஜுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் நான் வீட்டில் சும்மா இருந்தால் வீட்டில் என்னென்ன யோசனைகள் முளைக்கும் என்று எனக்குத் தெரியும். பம்பாயில் இருந்த அக்கா கடிதத்துக்கு ஒரு ஜாதகம் வீதம் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவும் அக்காவின் பிரசவத்துக்காக அங்கேதான் போயிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்க அவகாசம் நிறைய.

சித்திரையில் வேலையை ஆரம்பித்தோம். ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி ஆட்களோடு வந்தார். நான் விரித்த வரைபடத்தை மரியாதைக்காக ஒரு நிமிஷம் பார்த்தார்.

“இன்னா கொயந்தே, இது கொளமா, கெணறா? ஒண்ணு சொல்லு.”

“ரெண்டும் இல்லை மேஸ்திரி. நீச்சல் தொட்டி.”

“படி வச்சா கொளம். ஒறை எறக்குனா கெணறு. நீ படியும் வச்சிக்கினு, சுத்தி செவுரும் கட்டிக்கினு, அடியில தளமும் போடணும்ன்றே. தளம் போட்டா தண்ணி எங்கேர்ந்து ஊறும்?”

“ஊறக் கூடாது. நாமதான் ஊத்தணும்.”

அவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். “கேட்டியா நைனா? தண்ணி கீற எடத்துல பள்ளம் தோண்டி, அந்தத் தண்ணிய வராம அடச்சிட்டு, வேற தண்ணிய நாம ஊத்தணுமாம். படிச்சவங்க.”

சொன்னபடியே ஏழாவது அடியில் தண்ணீர் வந்தது. அடையாற்றில் அது ஆச்சரியமில்லை. கோடையில் வந்ததுதான் எனக்குக் கவலை. எங்கள் தோட்டத்துக் கிணற்றின் உட்சுவரில் பாசிக்கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒரு குச்சியைக் கட்டி அளந்தேன். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்கு இரண்டடி கீழே வரை வரும் என்று அந்தக் கறை சொன்னது.

அன்று சாயங்காலம் ஒரு கணக்குப் போட்டேன். தொட்டி முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம். மேற்கே மூன்றரை அடி ஆழம், கடல் பக்கமான கிழக்கே ஆறடி. தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அதற்கு ஒரு கேடும் இல்லை. மழைக்காலத்தில் அதைக் காலி செய்தால், சுற்றிலும் அடியிலும் இருக்கும் ஈர மணலுக்கு அது ஒரு வெற்றுப் படகு. தளத்தை ஒன்பது அங்குலம் போட்டால் படகு கொஞ்சம் கனமான படகு. ஆறு போட்டால் கொஞ்சம் லேசான படகு. சிமெண்ட் அப்போது சர்க்கார் கன்ட்ரோலில் இருந்தது; எண்பது மூட்டைக்குத்தான் பர்மிட் வந்தது. ஆறு போட்டேன்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. தளத்தில் ஒரு குழாயைப் பதித்து மூடி போட்டு வைத்தால், வேண்டியபோது திறந்து அடித் தண்ணீரை உள்ளே விட்டுவிடலாம், தொட்டி எழும்பாது. ஆனால் தளத்தில் ஓட்டை என்ற பேச்சை எடுத்தாலே தி. நகர்க்காரர் முகம் மாறுமே என்று நினைத்து, அதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகப் பதினொரு விதிகள் எழுதினேன். ஒன்பதாவது விதி: ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எக்காரணம் கொண்டும் தொட்டியைக் காலி செய்யக் கூடாது. அப்பாவின் குமாஸ்தா அதை டைப் அடித்துக் கொடுத்தார். பம்ப் அறைக் கதவில் ஒட்டினேன். பிழையில்லாத, அழகான இங்கிலீஷ்.

அந்தக் கதவுப் பக்கம் தினம் நடமாடியவர்கள் இரண்டே பேர், மேஸ்திரியும் அத்தையும்.

அத்தை அப்பாவின் அக்கா. கணவரை இழந்தபின் எங்களோடு இருந்தாள். அம்மா ஊரில் இல்லாத அந்த மாதங்களில் வீடு முழுக்க அவள் அதிகாரம். எது மடி, எது விழுப்பு, எதைத் தொட்டால் எதைத் தொடக் கூடாது என்பதில் அவள் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது என்று அப்பாவே சொல்வார். தோட்டத்தில் புதிதாக ஒன்று முளைத்தது அவளைச் சங்கடப்படுத்தியது. அதைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை. பூச்சு வேலை முடிந்த அன்று கரையில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டி, இதைக் கிணறுன்னு எடுத்துக்கறதா, குளம்னு எடுத்துக்கறதா?”

“ரெண்டும் இல்லை அத்தை. கிணத்துல பூமி ஜலம் ஊறி வரும். இதுல வெளி ஜலம் ஒரு சொட்டு உள்ள வராது. உள் ஜலம் வெளில போகாது.”

“அப்போ இது என்னதான்?”

பெருமையில் எனக்கு வார்த்தை சுலபமாக வந்தது. “அண்டா மாதிரி அத்தை. ஒரு பெரிய அண்டாவைப் பூமிக்குள்ள எறக்கி வெச்சிருக்கோம்னு வெச்சுக்கோயேன்.”

“அண்டாவா” என்றாள் அத்தை. அதை மனத்தில் எங்கோ பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிணறு ஊற ஊற இரண்டு நாள் பம்ப் வைத்துத் தொட்டியை நிரப்பினோம். தி. நகர்க்காரர் வந்து சோதனையைத் தொடங்கி வைத்தார். தொட்டியின் படியில் ஒரு வாளியை வைத்து அதிலும் தண்ணீர் ஊற்றி, தொட்டிச் சுவரிலும் வாளியிலும் தண்ணீர் மட்டத்தில் கோடு கிழித்தோம். வெயில் குடித்தாலும் மழை கொட்டினாலும் இரண்டிலும் ஒரே அளவு ஏறி இறங்க வேண்டும். தொட்டி மட்டும் தனியாக இறங்கினால் ஒழுகுகிறது என்று அர்த்தம். தினம் காலை ஏழு மணிக்கு நான் ஸ்கேலோடு இறங்கி அளந்து எழுதினேன். முதல் நாள் வித்தியாசம் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் வாளியில் ஒரு காக்கை குளித்துவிட்டுப் போயிற்று. அதை எழுதி, திரும்ப நிரப்பினேன். நான்காம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் தீபாவளி. அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளிக்கு இடைஞ்சல் செய்ய மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மேற்குப் பக்கம் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில், கரையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார்.

“நீந்தலையாப்பா?”

“முதல்ல ஜலத்தோட பழக்கம் ஆகட்டும்” என்றார்.

மறுநாள் அமாவாசை. அன்றுதான் சூரிய கிரகணம். சோதனையில் ஆறாம் நாள். காலை அளவில் வித்தியாசம் இல்லை.

கிரகணம் நண்பகலுக்கு முன்பே பிடித்துவிடும் என்று அத்தை முன்னதாகவே எல்லாருக்கும் சாப்பாட்டுத் தடை விதித்தாள். வீட்டிலிருந்த ஊறுகாய் ஜாடி, அப்பள டப்பா, எண்ணெய்க் குடுவை, நெய்க் கிண்ணம், தயிர், குடிதண்ணீர்ப் பானை எல்லாவற்றிலும் ஒவ்வொரு தர்ப்பைப் புல்லாகக் கிள்ளிப் போட்டாள். தர்ப்பை கிடந்தால் கிரகண தோஷம் ஒட்டாது. வானத்தில் ஒரே மேகம்; சூரியன் கண்ணுக்கே தெரியவில்லை. அது தெரியாத இடத்தில் பிடித்து, தெரியாத இடத்தில் விட்டது. எல்லாரும் தலைக்குக் குளித்தோம். அப்பா தர்ப்பணம் செய்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் மறுநாள் காலைச் சோதனையை நினைவுபடுத்திவிட்டு வரலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு, சைதாப்பேட்டை வழியாகச் சுற்றிப் போகும் பஸ்ஸில் தி. நகர் புறப்பட்டேன்.

நான் போன பிறகு நடந்ததை மேஸ்திரி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் அன்று தொட்டி ஓரத்துக் கல் பதிக்க வந்திருந்தார். அத்தை ஈரத் தலையோடு கரைக்கு வந்து நின்றாளாம்.

“மேஸ்திரி, இதுல நிக்கறது கிரகணத்துல இருந்த ஜலம்.”

“கெணத்துலயும்தான் அதே தண்ணி நிக்குது பெரிம்மா.”

“கிணத்துக்கும் குளத்துக்கும் தோஷம் கிடையாது. அது ஊறிண்டே இருக்கும். பாத்திரத்துல பிடிச்சு வெச்ச ஜலத்தைக் கொட்டிடணும். தர்ப்பை போட்டிருந்தாத் தேவலை. ஊறுகாய்க்கெல்லாம் போட்டேன், இதை மறந்துட்டேன். நாளைக்கு என் தம்பி இதுலதான் இறங்குவான்.”

“இது பாத்திரமா?”

“நான் சொல்லலை. அவளே சொன்னா. அண்டான்னு.”

“கொயந்தயே சொல்லிச்சா?” மேஸ்திரி மேலே கேள்வி கேட்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் இன்ஜினீயர் சொன்னதுதான் சட்டம் என்று முதல் வாரமே அவருக்கு நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பம்ப் அறைக் கதவைத் திறந்தார். என் பதினொரு விதிகளும் கதவோடு சேர்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டன. இயந்திரத்தை முடுக்கி, குழாயைத் தொட்டிக்குள் போட்டு, தண்ணீரை ஆற்றுப் பக்கம் போகும் வாய்க்காலில் விட்டார்.

தி. நகர்க்காரர் எனக்கு அதிரசமும் ஓர் அணைக்கட்டுக் கதையும் கொடுத்தார். அதிரசம் சீக்கிரம் முடிந்தது. நான் திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஐந்தரை. மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துப் பக்கமிருந்து பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. நிறைந்த தொட்டிக்குப் பம்ப் எதற்கு?

நான் ஓடுவதில்லை. அன்று ஓடினேன்.

மேஸ்திரி சிரித்த முகத்தோடு எதிரே வந்தார். “முக்காவாசி காலி கொயந்தே. ஆயமா கீற பக்கம் ஒன்றரை அடி நிக்குது. அது எறங்கிச்சுன்னா தொடச்சி உட்டுர்லாம்.”

“நிறுத்துங்கோ! பம்ப்பை நிறுத்துங்கோ!”

சத்தம் நின்றது. அப்புறம்தான் இன்னொரு சத்தம் கேட்டது, தொட்டியின் அடியிலிருந்து, யாரோ பல்லைக் கடிப்பதுபோல். கிழக்குக் கரையில் புல்லுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் போகும்படி ஓர் இடைவெளி. புல்லின் வேர்கள் அதில் கிழிந்து தொங்கின. மேஸ்திரியின் ரசமட்டத்தை வாங்கிச் சுவர்மேல் வைத்தேன். அதிலிருந்த நீர்க்குமிழி நடுவில் நிற்காமல் கிழக்கே ஓடி ஒட்டிக்கொண்டது.

“இன்னா கொயந்தே இது? எய்ந்துக்குதா?”

“ஆமாம் மேஸ்திரி. எழுந்துக்கறது.”

முப்பத்தாறு டன் தொட்டி. நான் கணக்கில் போட்டது சரி என்று அந்தக் கணத்தில்கூட ஒரு சின்னத் திருப்தி எனக்கு இருந்ததை மறைக்கப் போவதில்லை.

செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, கிணற்றிலிருந்து திரும்ப நிரப்புவது; அதற்கு இரண்டு நாள் ஆகும். இரண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. விடிவதற்குள் தொட்டி முதுகு உடைந்துவிடும். மூன்று, தளத்தில் ஓட்டை போட்டு அடித் தண்ணீரை உள்ளே விடுவது. உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானால் தொட்டி நின்றுவிடும். ஆனால் மறுநாள் காலை சோதனையில் ஏழாம் நாள். ஓட்டைத் தொட்டிக்குக் கையெழுத்து இல்லை.

முடிவு செய்ய எனக்குப் பத்து வினாடி ஆயிற்று. அதில் எட்டு வினாடி நான் சான்றிதழைப் பற்றித்தான் யோசித்தேன்.

“மேஸ்திரி, உளியும் சம்மட்டியும் எடுங்கோ. சரிவுல, தண்ணி நிக்காத இடத்துல, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல உடைக்கணும்.”

“நாம போட்ட தளத்தையா? என் கையால நான் ஒடைக்கவா? வேற ஆளப் பாரு கொயந்தே.”

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினேன். உளியை வைத்து முதல் அடி அடித்தேன். சம்மட்டி என் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது.

“அய்ய, குடு இப்டி!” மேஸ்திரி குதித்து வந்து பிடுங்கிக்கொண்டார். “தளத்தோட வெரலயும் ஒடச்சிக்கப் போறே.” அடிக்கு ஒரு தடவை என்னைத் திட்டினார், அடிக்கு ஒரு தடவை சிமெண்ட் ஆபீசையும் திட்டினார். ஆறு அங்குலத் தளம் கால் மணியில் உடைந்தது. ஒன்பது போட்டிருந்தால் அன்று முடிந்திருக்காது. ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒரு முழம் உயரத்துக்குப் பீறிட்டு மேஸ்திரியின் முண்டாசைத் தள்ளிவிட்டது.

தூக்கம் கலைந்து வந்த அப்பா குடையோடு கரையில் நின்றார். “என்னடி இது, ஊத்துக் கண் திறந்துடுத்தா?”

அவர் பின்னால் அத்தை. “ஏண்டி, நான் கொட்டச் சொன்னா நீ உடைக்கறே?”

“அத்தை, காலி அண்டாவைத் துவைக்கிற தொட்டித் தண்ணில வெச்சா என்ன ஆகும்?”

“மிதக்கும்” என்றாள். பிறகு புல்லோரத்து இடைவெளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஐயையோ” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தொட்டியில் தண்ணீர் ஏறி, தரைக்கு இரண்டடி கீழே, கிணற்று மட்டத்தோடு நின்றது. சத்தமும் நின்றது. எழும்பியது எழும்பியபடி இருந்தது. அடியில் மணல் புகுந்துவிட்டால் திரும்ப இறங்காது.

ராத்திரி சாப்பிடும்போது அத்தை எனக்குத் தயிர்சாதம் பிசைந்து போட்டாள். எனக்குப் பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

“உன் சர்டிபிகேட் போயிடுத்தா?”

“போயிடுத்து அத்தை.”

கையில் ஓர் உருண்டை வைத்தாள். “அந்த ஓட்டையை எப்போ போட்டே? அது எழுந்துண்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிதான்.”

“ம்” என்றாள். இன்னொரு உருண்டை வைத்தாள்.

மறுநாள் காலை தி. நகர்க்காரர் வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை ஒன்பது வரியில் எழுதி நோட்டோடு கொடுத்தேன்; இந்தக் கட்டுரையின் தலையில் இருப்பது அநேகமாக அதுதான். அவர் இரண்டு தரம் படித்தார். கரையைச் சுற்றி நடந்தார். குச்சியால் ஓட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

“கணக்கு சரி. நோட்டு ஒழுங்கா இருக்கு. ஆனா ஏழு நாள் ஆகலையேம்மா. தொட்டியில ஓட்டையும் இருக்கு. ஒழுகாதுன்னு நான் எப்படி எழுதறது? அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

அப்போது பம்ப் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தை வெளி ஆண்களோடு நேராகப் பேசுவதில்லை. பேச வேண்டியதை அப்பாவிடம் சொல்லுவாள். அவர்கள் காதில் விழுந்தால் அது அவர்கள் பாடு.

“அம்பி, அவரை ஒண்ணு கேளு. இது நேத்து எழுந்துண்டுதா, இல்லையா?”

அப்பா திரும்பினார். “எழுந்துண்டுதான்னு கேக்கறா.”

“எழுந்தது. அதுதான் கண்ணுக்குத் தெரியறதே” என்றார் அவர்.

“அப்போ ஓட்டை இருந்துதான்னு கேளு.”

“ஓட்டை அப்புறம்தான் போட்டதுன்னு நோட்டுல இருக்கு.”

“இங்க வந்து பாக்கச் சொல்லு, அம்பி.”

பம்ப் அறைக்கு வெளியே துணி துவைக்கும் தொட்டி. அதில் அத்தை விடியற்காலையிலேயே தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பித்தளை அண்டாக்கள். ஒன்று நல்லது. ஒன்று அடியில் பொத்தல் விழுந்து, ஈயம் வைக்க எடுத்து வைத்திருந்தது. கதவு இடுக்கிலிருந்து அவள் கை மட்டும் வெளியே வந்தது. பொத்தல் அண்டாவைத் தண்ணீரில் வைத்தாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, பொத்தல் வழியாகத் தண்ணீர் குடித்து, மெள்ள உட்கார்ந்துவிட்டது. நல்ல அண்டாவை வைத்தாள். மிதந்தது. ஒரு விரலால் அமுக்கினாள். திரும்ப எழுந்தது.

“அவரைக் கேளு அம்பி. பொத்தல் இருந்தா எழுந்துண்டிருக்குமா? சுத்திவர இத்தனை ஜலம் நெருக்கிண்டு நிக்கறச்சே, ஒரு மயிரிழை விரிசல் இருந்தாக்கூட ஜலம் உள்ள வந்து அப்படியே உக்காந்திருக்காதா? ஏழு நாள் எதுக்கு? அது எழுந்துண்டப்பவே சொல்லிடுத்தே, நான் ஒழுகலைன்னு.”

அப்பா முப்பது வருஷத்தில் இவ்வளவு நல்ல வாதத்தை ஒரு வார்த்தை சேர்க்காமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்ததில்லை. “இதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஒன்பது வரி எழுதினேன். ஒன்பதாவது வரியே தேர்ச்சி என்று தோன்றவில்லை.

தி. நகர்க்காரர் துவைக்கிற தொட்டியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஸ்திரியை அழைத்து, காலியானபோது உட்சுவரில் எங்கேயாவது வெளித் தண்ணீர் கசிந்து வந்ததா என்று கேட்டார்.

“எங்கியும் கசியல சாமி. தொட்டுப் பாத்தேன். எங்க வீட்டுச் செவுரு கூட இம்மாம் கெட்டி கெடயாது.”

அவர் எங்கள் கூடத்து மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எழுதியதை அப்பா என்னிடம் காட்டினார். தொட்டி நீர் புகாத்தன்மை உடையது. வெளியிலிருந்து வந்த நீரழுத்தத்தில் முழுக் கட்டடமும் மிதந்ததே போதுமான நிரூபணம். விண்ணப்பதாரர் வடிவமைப்பு, மேற்பார்வை, அவசர நடவடிக்கை மூன்றிலும் திருப்திகரமாகப் பயிற்சி பெற்றார். அடியில் குறிப்பு என்று ஒரு வரி: பணியிட எச்சரிக்கைகளைப் பணியிடத்தில் இருப்பவர்கள் படிக்கும் மொழியில் எழுதவும்.

புறப்படும்போது கதவுப் பக்கம் பார்த்து, அப்பாவிடம் சொல்லுவதுபோல் சொன்னார். “அவாளை நான் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு இன்ஸ்பெக்டர் இருந்திருந்தா, ரெண்டு அணைக்கட்டு பத்தி எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது.”

“அம்பி, அவரை அதிரசம் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு” என்றது கதவு.

விதிகளைத் தமிழில் திரும்ப எழுதினேன். முதலில் பன்னிரண்டு ஆயிற்று. ஒன்பதாவது அப்படியே இருக்கிறது. பன்னிரண்டாவது, அத்தை சொல்லிச் சேர்த்தது: கிரகணத்துக்கு முன் தொட்டியில் தர்ப்பை போடவும். ஆனால் அவளே அதை அடித்துவிடச் சொன்னாள். ஓட்டை வழியாகப் பூமி ஜலம் உள்ளே வந்துவிட்ட நிமிஷத்திலிருந்து அது அண்டா இல்லையாம், கிணறாம். கிணற்றுக்குத் தோஷம் இல்லை. மேஸ்திரிக்கும் இந்தத் தீர்ப்பில் பரம திருப்தி. “நான் மொத நாளே கேட்டேனா இல்லியா?” என்றார்.

இன்றைய நிலைமை இது. தொட்டியின் கிழக்குப் பக்கம் நாலரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. விரிசல் இல்லை. ஓட்டையில் குழாய் பதித்துப் பித்தளை மூடி போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் அதன் சாவி அத்தையிடம் இருக்கும். ஆழமான பக்கம் ஐந்தடி ஏழரை அங்குலம் ஆகிவிட்டதில் அப்பாவுக்குச் சந்தோஷம். தினம் அரை மணி மேற்குப் பக்கம் நிற்கிறார், இன்னும் நீந்தவில்லை, இடுப்பு வலி குறைந்திருக்கிறது. சான்றிதழ் ஐப்பசி முடிய நான்கு நாள் இருக்கும்போது காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டம் வந்துவிட்டது. வேலைக்கு இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.